அளவுகோலும் எண்ணிக்கையும்: வேதியியல் கணக்கீடுகள், அலகு மாற்றங்கள் ஆகியவற்றின் வரலாறு (1789–2019)

ஆய்வுச் சுருக்கம்

கிராமை மோலாகவும் மோலைத் துகள் எண்ணிக்கையாகவும் மாற்றும் கணக்குகள், பள்ளி மேல்நிலை வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் வேதியியலின் நுழைவாயிலாக அமைந்துள்ளன. பாடநூல்கள் இவற்றை வாய்பாடுகளாகவே முன்வைக்கின்றன. ஆனால் இவ்வாய்பாடுகளுள் சில மனிதர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட உடன்பாடுகள். வேறு சில இயற்கையைப் பற்றிய முடிவுகள். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்பட்டமையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அணு எடைகள் குறித்து எழுந்த குழப்பத்திற்கு முதன்மைக் காரணம் என்பதையும், அக்குழப்பம் தீர்ந்த முறை இன்றைய கற்பித்தலுக்கு எவ்வகையில் பயன்படும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வேதிவினைக்கூறு விகிதவியல், சமான நிறை, அணு நிறை, மோல், அவகாட்ரோ மாறிலி, அலகு மாற்றம், கார்ல்ஸ்ரூ மாநாடு.

1. முன்னுரை

ஒன்பது கிராம் நீர் எத்தனை மோல் எனக் கேட்டால், நீரின் மோலார் நிறை 18 என்பதால் அரை மோல் என மாணவர் விடை கூறுவர். இதே வினாவை 1850ஆம் ஆண்டில் ஜெர்மானிய ஆய்வகம் ஒன்றில் எழுப்பியிருந்தால், ஒன்பது கிராம் என்பது நீரின் ஒரு முழுச் சமானம் என்ற விடை கிடைத்திருக்கும். இருவரும் ஒரே தராசில் ஒரே நீரை நிறுத்தவர்களே. சோதனைப் பிழை என எதுவும் இல்லை. எனினும் விடைகள் இரு மடங்கு வேறுபடுகின்றன.

இவ்வேறுபாடு பவுண்டுக்கும் கிலோகிராமுக்கும் இடையிலான வேறுபாட்டைப் போன்றதன்று. பவுண்டைக் கிலோகிராமாக மாற்ற ஒரு பெருக்கல் எண் போதும். இங்கோ நீர்த் துகளில் ஹைட்ரஜன் அணு ஒன்று உள்ளதா, இரண்டு உள்ளனவா என்ற கேள்வி கணக்கினுள் மறைந்திருக்கிறது. கணக்கின் வடிவம் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் கேள்வியின் தன்மை மறைந்துவிடுகிறது. இக்கட்டுரை முதல் வகையை ‘அளவுகோல் வேறுபாடு’ என்றும், இரண்டாம் வகையைக் ‘கோட்பாட்டு வேறுபாடு’ என்றும் குறிக்கிறது.

2. லவாய்சியரும் பதின்மப் பின்னமும்

லவாய்சியர் தம் வேதியியல் பாடநூலை 1789இல் வெளியிட்டார். நிறை மாறா விதியை நடைமுறைக் கருவியாக்கிய நூல் அது. வினைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்து வரவுசெலவு போல் நேர்செய்யும் முறைக்குத் துல்லியமான தராசு மட்டும் போதாது. எளிதில் கூட்டவும் வகுக்கவும் கூடிய அலகும் வேண்டும். அன்றைய பாரிசு நகர எடைமுறையில் ஒரு லீவ்ரு என்பது 16 அவுன்சு. ஒரு அவுன்சு 8 குரோ. ஒரு குரோ 72 கிரெயின். ஆக ஒரு லீவ்ரில் 9,216 கிரெயின்கள் இருந்தன. இம்முறையில் விழுக்காடு காண்பதற்கு ஒவ்வொரு முறையும் மூன்று வெவ்வேறு எண்களால் வகுக்க வேண்டியிருந்தது.

லவாய்சியர் இதற்கு முன்வைத்த தீர்வு கவனத்திற்குரியது. எல்லா நாட்டாரும் ஒரே அலகை ஏற்கும் காலம் வரும்வரை, ஒவ்வொரு நாட்டு வேதியியலாரும் தத்தம் பவுண்டையே வைத்துக்கொண்டு, அதன் உட்பிரிவுகளை மட்டும் பதின்மப் பின்னங்களாக எழுதலாம் என்றார். அதற்கான மாற்று அட்டவணைகளையும் நூலின் இறுதியில் சேர்த்தார். சான்றாக, 5 அவுன்சு 3 குரோ 36 கிரெயின் என்ற எடையை எடுத்துக்கொள்ளலாம். 5 அவுன்சு 0.3125 லீவ்ரு, 3 குரோ 0.0234375 லீவ்ரு, 36 கிரெயின் 0.00390625 லீவ்ரு. மொத்தம் 0.33984375 லீவ்ரு.

இத்தீர்வின் அடிப்படையில் ஒரு தெளிவான புரிதல் உள்ளது. வேதியியலுக்குத் தேவையானவை எடைகளுக்கு இடையிலான விகிதங்களே. இலண்டன் பவுண்டில் நிறுத்தாலும் பாரிசு பவுண்டில் நிறுத்தாலும் நீரில் ஆக்சிஜனின் பங்கு மாறாது. அலகு மாறினாலும் மாறாதிருப்பது எது என்ற கேள்வியே அளவுகோல் வேறுபாட்டை இனங்காணும் முதல் சோதனை எனலாம். 1795இல் பிரெஞ்சு அரசு மெட்ரிக் முறையைச் சட்டமாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் லவாய்சியர் கொல்லப்பட்டிருந்தார். குறித்த பருமனுள்ள நீரின் எடையை அளந்து கிராமுக்கு அடித்தளம் இட்டோருள் அவரும் ஒருவர்.

அலகின் பெயர் அதன் அளவை உறுதிசெய்யாது என்பதற்கும் இக்காலம் சான்று தருகிறது. பிரெஞ்சுக் கிரெயின் ஏறத்தாழ 53.1 மில்லிகிராம், ஆங்கிலேயக் கிரெயின் 64.8 மில்லிகிராம். ஒரே பெயரைக் கண்டு ஒரே அளவெனக் கொண்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை நேரும்.

3. விகிதவியலின் தோற்றம்

வேதியியலைக் கணிதத்தின் கிளையாகக் காணும் ஆர்வம் கொண்டிருந்த ஜெரமியாஸ் ரிக்டர், தனிமம், அளவு ஆகியவற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து இத்துறைக்கு 1792இல் பெயரிட்டார். நடுநிலை உப்புகள் இரண்டு தம்முள் வினைபுரியும்போது விளையும் உப்புகளும் நடுநிலையாகவே அமைவதை அவர் நோக்கினார். எனவே ஒரு குறித்த அளவு அமிலத்தை நடுநிலையாக்கும் காரங்களின் எடைகள் தம்முள் நிலையான விகிதம் கொண்டிருக்க வேண்டும் என்பது பெறப்பட்டது. ரிக்டரின் எழுத்துநடை கடினமானது. அவர் கண்ட எண்களைக் கந்தக அமிலம் 1000 என்ற அடிப்படையில் ஒரே அட்டவணையாகத் தொகுத்துப் பயன்பாட்டுக்குக் கொணர்ந்தவர் ஏர்ன்ஸ்ட் பிஷர். 1802இல் வெளிவந்த அவ்வட்டவணையே சமான எடைகளின் முதல் பொதுப் பட்டியலாகக் கருதத்தக்கது.

சமானம் என்ற கருத்துக்கு அணு தேவையில்லை என்பதை இங்குச் சுட்ட வேண்டும். இவ்வளவு அமிலத்திற்கு இவ்வளவு காரம் ஈடு என்று கூறத் தராசு ஒன்றே போதும். சோப்பு, சாயம், வெடியுப்பு முதலான தொழில்களுக்கு இவ்வறிவே நேரடியாகப் பயன்பட்டது.

4. இருவகை வேறுபாடுகள்

டால்டன் 1803 முதல் தொகுத்து 1808இல் நூல்வடிவில் விளக்கிய அணுக்கொள்கை, எடை விகிதத்திற்குப் பின்னால் துகள் எண்ணிக்கை உண்டு எனக் கூறியது. இருதனிமச் சேர்மம் ஒன்று மட்டுமே அறியப்பட்டிருப்பின், அதில் ஒவ்வொரு தனிமத்திற்கும் ஓரணு வீதம் இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் வகுத்த எளிமை விதி. அதன்படி நீர்த் துகளில் ஹைட்ரஜன் ஒன்று, ஆக்சிஜன் ஒன்று. ஹைட்ரஜனை 1 எனக் கொண்டால் ஆக்சிஜன் 7 என்பது 1808இல் அவர் தந்த மதிப்பு. பகுப்பாய்வு திருந்தியபின் அது 8 ஆயிற்று.

அடுத்த பத்தாண்டுகளில் அட்டவணைகள் பெருகின. டால்டன் ஹைட்ரஜனை 1 என்றார். வோலஸ்டன் ஆக்சிஜனை 10 என்றார். பெர்சீலியஸ் ஆக்சிஜனை 100 என்றார். 1814இல் வெளியான வோலஸ்டனின் சமான அளவுகோல், மடக்கை அளவில் எண்கள் பொறிக்கப்பட்ட நகரும் சட்டம் ஆகும். ஒரு சேர்மத்தின் பெயருக்கு நேராக எடையை நிறுத்தினால், அதனுடன் வினைபுரியும் பிற பொருள்களின் எடைகளை நேரடியாகப் படித்துக்கொள்ளலாம். இன்றைய மாணவர் கணிப்பானில் செய்வதை மரச்சட்டமும் தாளும் செய்தன. அணுக்களின் எண்ணிக்கையை உறுதியாக அறிய வழியில்லாத நிலையில் சமானம் என்ற சொல்லே பாதுகாப்பானது என்பது வோலஸ்டனின் நிலைப்பாடு.

அடிப்படை எண் 1, 10, 100 என வேறுபடுவது அளவுகோல் வேறுபாடு மட்டுமே. பெர்சீலியஸின் அட்டவணையில் ஆக்சிஜன் 100 எனில் ஹைட்ரஜன் ஏறத்தாழ 6.24. இரண்டையும் 6.24ஆல் வகுத்தால் ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் ஏறத்தாழ 16 எனக் கிடைக்கும். கிமெலின் முதலானோர் பின்பற்றிய சமான அட்டவணையிலோ ஹைட்ரஜன் 1, கார்பன் 6, ஆக்சிஜன் 8. அளவுகோலை ஒன்றாக்கிய பின்னும் 8, 16 என்ற வேறுபாடு எஞ்சிநிற்கிறது. எந்த மாற்றுக் காரணியும் இதனைத் தீர்க்க இயலாது. இதுவே கோட்பாட்டு வேறுபாடு.

பகுப்பாய்வும் இதில் தீர்ப்பு வழங்க இயலவில்லை. அசெட்டிக் அமிலத்தின் எடையில் கார்பன் 40 விழுக்காடு, ஹைட்ரஜன் 6.67, ஆக்சிஜன் 53.33. இன்றைய எண்களின்படி கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் இரண்டு எனக் கொண்டால் 24, 4, 32, கூட்டுத்தொகை 60. கிமெலின் எண்களின்படி கார்பன் நான்கு, ஹைட்ரஜன் நான்கு, ஆக்சிஜன் நான்கு எனக் கொண்டாலும் 24, 4, 32. கூட்டுத்தொகை அதே 60. தராசுக்கு இவ்விரு வாய்பாடுகளும் ஒன்றே. கெகுலே 1861ஆம் ஆண்டுப் பாடநூலில் அசெட்டிக் அமிலத்திற்கு வழங்கிய பத்தொன்பது வாய்பாடுகளை வரிசைப்படுத்திக் காட்டினார். அவை வெவ்வேறு கொள்கைகளைச் சார்ந்தவை எனினும், ஒரே பொருளைக் குறிக்கப் பொதுமொழி இல்லாத நிலையை அப்பட்டியல் வெளிப்படுத்தியது.

5. கனிசாரோவின் பாடத்திட்டம்

இச்சிக்கலைத் தீர்க்கும் கருத்து முன்பே தோன்றியிருந்தது. வளிமங்கள் எளிய பரும விகிதத்தில் இணைகின்றன எனக் கே-லூசாக் 1808இல் கண்டறிந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சமபருமனுள்ள வளிமங்கள் சம எண்ணிக்கையிலான மூலக்கூறுகளைக் கொண்டவை என அவகாட்ரோ 1811இல் முன்மொழிந்தார். இதன்படி தனிம வளிமங்களின் மூலக்கூறு பிளவுபடக்கூடியதாக இருத்தல் வேண்டும். ஒத்த அணுக்கள் ஒன்றோடொன்று இணையா எனக் கருதிய டால்டனும் பெர்சீலியஸும் இதனை ஏற்கவில்லை. 1826 முதல் டூமா ஆவி அடர்த்திகளை அளந்தபோது குழப்பம் மேலும் மிகுந்தது. எல்லாத் தனிம ஆவிகளும் ஒரே வகையின எனக் கொண்டதால் பாதரசத்தின் அணு எடை பாதியாகவும், பாஸ்பரசுக்கு இரு மடங்காகவும், கந்தகத்திற்கு மும்மடங்காகவும் வந்தது. பாதரச ஆவி ஓரணு மூலக்கூறு. பாஸ்பரசு நான்கணு மூலக்கூறு. டூமா அளந்த வெப்பநிலையில் கந்தக ஆவி பெரும்பாலும் ஆறணு மூலக்கூறு என்பது இன்று தெளிவு.

1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை கார்ல்ஸ்ரூ நகரில் கெகுலே, வுர்ட்ஸ், வெல்ட்சியன் ஆகியோரின் முயற்சியால் பன்னாட்டு வேதியியலார் மாநாடு கூடியது. அணு, மூலக்கூறு, சமானம் என்னும் சொற்களுக்கு வரையறை காண்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. மாநாடு கட்டுப்படுத்தும் தீர்மானம் எதனையும் நிறைவேற்றவில்லை. அதன் இறுதியில் வழங்கப்பட்ட ஒரு சிறுநூலே விளைவை உண்டாக்கியது. ஜெனோவாப் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குத் தாம் நடத்திய பாடத்தின் சுருக்கமாகக் கனிசாரோ 1858இல் வெளியிட்ட நூல் அது. ஆய்வுக் கண்டுபிடிப்பாக அல்லாமல் கற்பித்தல் ஒழுங்காகவே இத்தீர்வு உருப்பெற்றது என்பது இவ்வரலாற்றின் முதன்மையான செய்தி எனலாம்.

கனிசாரோவின் வழிமுறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில் ஹைட்ரஜன் மூலக்கூற்றை 2 எனக் கொண்டு, ஒவ்வோர் ஆவியின் மூலக்கூறு எடையை அடர்த்தியிலிருந்து பெறுதல். அடுத்து, எடை விழுக்காட்டைப் பயன்படுத்தி, ஒரு மூலக்கூற்றில் உள்ள குறித்த தனிமத்தின் எடையைக் காணுதல். இறுதியாக, அவ்வெடைகள் எல்லாவற்றிற்கும் பொதுவான வகுஎண்ணைத் தேடுதல். கார்பனை எடுத்துக்காட்டாகக் கொண்டால், மீத்தேனின் மூலக்கூறு எடை 16, அதில் கார்பன் 12. கார்பன் மோனாக்சைடு 28, அதில் கார்பன் 12. கார்பன் டைஆக்சைடு 44, அதில் கார்பன் 12. எத்திலீன் 28, அதில் கார்பன் 24. எந்த மூலக்கூற்றிலும் 6 அல்லது 18 பங்கு கார்பன் காணப்படவில்லை. எனவே கார்பனின் அணு எடை 12 என்பதே பொருந்தும். ஆவி அடர்த்தியைத் தனிமத்தின்மீது மட்டும் சார்த்தாமல் சேர்மங்களின் வரிசையின்மீது சார்த்தியதால் டூமாவை இடறிய சிக்கல் இங்கு எழவில்லை.

எளிதில் ஆவியாகாத பொருள்களுக்கு, 1819இல் டூலாங், பெட்டிட் ஆகியோர் கண்ட தன்வெப்ப விதி துணைநின்றது. அணு எடையையும் கலோரி அலகிலான தன்வெப்பத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 6.4 கிடைக்கும். பாதரசத்தின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.032, எனவே அணு எடை ஏறத்தாழ 200. ஆவி அடர்த்தியின் பழைய விளக்கம் தந்த 100 இவ்வாறு விலக்கப்பட்டது. மாநாட்டிற்கு வந்திருந்த மெண்டலீவும் லோதர் மேயரும் பின்னர்த் தனித்தனியே தனிம வரிசையை அமைத்தபோது இத்திருந்திய எண்களையே அடிப்படையாகக் கொண்டனர்.

6. குடுவையும் லிட்டரும்

அணு எடை தெளிந்த பின்னும் சமானம் மறைந்துவிடவில்லை. பிரீட்ரிக் மோரின் தரம்பார்த்தல் பாடநூல் 1855இல் வெளிவந்தது. ஒரு லிட்டரில் ஒரு கிராம் சமானம் கரைந்துள்ள நார்மல் கரைசலின் வசதியை அது பரப்பியது. இரு கரைசல்களின் பருமனையும் நார்மலிட்டியையும் பெருக்கிச் சமன்செய்யும் வாய்பாடு, வினையின் சமன்பாட்டை எழுதாமலேயே விடை தந்தது.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. சமான நிறை என்பது பொருளுக்கு மட்டும் உரியதன்று; வினைக்கும் உரியது. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் மோலார் நிறை ஏறத்தாழ 158. அமில ஊடகத்தில் ஐந்து எலக்ட்ரான்களை ஏற்பதால் சமான நிறை 31.6, நடுநிலை ஊடகத்தில் மூன்றை ஏற்பதால் 52.7, வலிய கார ஊடகத்தில் ஒன்றை மட்டும் ஏற்று மாங்கனேட்டாகும்போது 158. ஒரே குடுவையில் உள்ள ஒரே கரைசலுக்கு மூன்று நார்மலிட்டிகள் பொருந்தும். மோலாரிட்டிக்கு இந்நிலை இல்லை.

பருமனின் அலகும் நிலையாக இருக்கவில்லை. மோர், 17.5 செல்சியசில் காற்றில் பித்தளை எடைகளால் நிறுக்கப்பட்ட 1000 கிராம் நீரின் பருமனை லிட்டராகக் கொண்டார். காற்றின் மிதப்பு விசையையும் நீரின் அடர்த்தி குறைவதையும் கணக்கிட்டால், அது உண்மை லிட்டரைவிட 2 மில்லிலிட்டருக்குச் சற்று மிகுதி. எல்லாக் குடுவைகளும் மோர் முறையில் அளவிடப்பட்டிருப்பின் விகிதங்கள் பிழைபடா. இருமுறைக் குடுவைகள் கலந்தால்தான் பிழை நேரும். 1901இல் எடை அளவுகளுக்கான பொது மாநாடு, பெரும அடர்த்தியில் உள்ள ஒரு கிலோகிராம் நீரின் பருமனே லிட்டர் என வரையறுத்தது. அது 1.000028 கன டெசிமீட்டருக்குச் சமம் எனப் பின்னர்த் தெரியவந்தது. 1964இல் அவ்வரையறை கைவிடப்பட்டு, லிட்டர் என்பது கன டெசிமீட்டரின் மறுபெயர் ஆயிற்று. மில்லிலிட்டரும் கன செண்டிமீட்டரும் ஒன்றே என இன்றைய மாணவர் எழுதுவது அதன்பின் துல்லியமாக உண்மையாயிற்று.

7. மோல்: நிறையிலிருந்து எண்ணிக்கைக்கு

மோல் என்ற சொல்லை 1890களின் முற்பாதியில் புழக்கத்திற்குக் கொணர்ந்தவர் வில்லெம் ஆஸ்ட்வால்ட். கிராம் அலகில் கூறப்படும் மூலக்கூறு எடையே அவர் கருதிய மோல். அவர் அக்காலத்தில் அணுக்களின் இருப்பை ஐயுற்றவர் என்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அணுவை நம்பாமலேயே கணக்கிடப் பயன்படும் நிறை அலகாக மோல் பிறந்தது என்பதையே இது உணர்த்துகிறது. ஜான் பெரின், பிரவுனியன் இயக்கம் பற்றிய சோதனைகளை ஒட்டி, ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு 1909இல் அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். ஆஸ்ட்வால்டும் அதே காலத்தில் அணுக்கொள்கையை ஏற்றார்.

அடிப்படைத் தனிமம் குறித்த சிக்கல் இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் எழுந்தது. ஆக்சிஜனுக்கு ஐசோடோப்புகள் உள்ளமை 1929இல் வெளிப்பட்டது. அதன்பின், இயற்கை ஆக்சிஜன் கலவையை 16 எனக் கொண்ட வேதியியலாரின் அளவுகோலும் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை 16 எனக் கொண்ட இயற்பியலாரின் அளவுகோலும் 1.000275 என்ற காரணியால் வேறுபட்டன. இம்முறை அது வெறும் அளவுகோல் வேறுபாடே என்பதை இருசாராரும் அறிந்திருந்தமையால், 1960–61இல் கார்பன்-12 ஐசோடோப்பை 12 எனக் கொள்ளும் உடன்பாடு எட்டப்பட்டது. வேதியியலாரின் எண்கள் இலட்சத்தில் ஏறத்தாழ நான்கு பங்கு மட்டுமே மாறின.

1971இல் மோல் பன்னாட்டு அலகு முறையின் அடிப்படை அலகாயிற்று. 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கையே அதன் வரையறை. 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வரையறையில், ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ அடிப்படைத் துகள்கள். இதனால் எது வரையறை, எது அளவீடு என்ற வரிசை தலைகீழாயிற்று. முன்பு கார்பன்-12இன் மோலார் நிறை வரையறையால் சரியாக 12 கிராம். அவகாட்ரோ மாறிலி அளந்தறிய வேண்டியது. இன்று மாறிலி வரையறையால் நிலையானது; மோலார் நிறையே மிக நுண்ணிய ஐயப்பாட்டுடன் அளந்தறியப்படுவது. வகுப்பறைக் கணக்கில் இதனால் எம்மாற்றமும் இல்லை. எனினும், நிறையின் பெயராகப் பிறந்த மோல் முழுமையாக எண்ணிக்கையின் பெயராகிவிட்டது.

8. தமிழ்வழிக் கற்பித்தலில் இவ்வரலாற்றின் இடம்

தமிழில் வேதியியல் நூலாக்கம் இவ்வரலாற்றின் நடுவே தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வியை வளர்த்த சாமுவேல் பிஷ் கிறீனின் முயற்சியில் ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. கார்ல்ஸ்ரூ மாநாட்டிற்குப் பதினைந்து ஆண்டுகளே கழிந்திருந்தன. அக்காலத் தமிழர் வாழ்வில் பலம், வீசை, மணங்கு என்னும் எடைகளே வழங்கின. சென்னை மாகாணத்தில் மூன்று தோலா ஒரு பலம். நாற்பது பலம் ஒரு வீசை. 180 ஆங்கிலேயக் கிரெயின் கொண்ட தோலா 11.66 கிராம் எனில், பலம் ஏறத்தாழ 35 கிராம், வீசை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். இந்தியாவில் மெட்ரிக் எடைகளுக்கான சட்டம் 1956இல் இயற்றப்பட்டு 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதுவரை, கடைவீதியின் அலகும் ஆய்வகத்தின் அலகும் மாணவருக்கு வேறுவேறாகவே இருந்தன.

கலைச்சொற்களிலும் இவ்வரலாற்றின் தடங்கள் உள்ளன. தமிழகப் பாடநூல்களில் ‘அணு எடை’ என்பது ‘அணு நிறை’ ஆகியுள்ளது. தமிழகத்தின் ‘மோல்’ இலங்கையில் ‘மூல்’ எனவும், ‘தரம்பார்த்தல்’ அங்கு ‘நியமிப்பு’ எனவும் வழங்குகின்றன. இவை பெயர் வேறுபாடுகள் மட்டுமே, எளிதில் மாற்றிக்கொள்ளத்தக்கவை. ஆனால் ‘சமான நிறை’, ‘மோலார் நிறை’ என்னும் இரண்டும் கருத்தால் வேறுபட்டவை. பாடநூல்கள் இவ்விரண்டையும் அடுத்தடுத்த வாய்பாடுகளாகத் தந்து, ஒன்றை ஓர் எண்ணால் வகுத்தால் மற்றொன்று கிடைக்கும் என்று மட்டும் கூறும்போது, அந்த எண் வினையைப் பொறுத்தது என்ற உண்மை மாணவரைச் சென்றடைவதில்லை. பெர்மாங்கனேட்டுக்கு 31.6 என மனனம் செய்த மாணவர் நடுநிலை ஊடக வினையிலும் அதே எண்ணை இடுவது இதன் விளைவே.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வேதியியல் கணக்கில் வரும் எண்கள் மூவகைப்படும். கிராம், லிட்டர், கார்பன்-12 அடிப்படை போன்றவை உடன்பாட்டால் அமைந்தவை. மாற்றுக் காரணியால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லலாம். நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டு என்பது இயற்கையைப் பற்றிய முடிவு. அதனைச் சான்றுகளால் நிறுவ வேண்டுமேயன்றி உடன்பாட்டால் மாற்ற இயலாது. சமான நிறை போன்றவை குறித்த வினையைச் சார்ந்தவை. இம்மூன்றையும் பிரித்தறியாத நிலையில் அக்காலத்தின் தலைசிறந்த வேதியியலாரே அரை நூற்றாண்டு இடர்ப்பட்டனர் எனில், இன்றைய மாணவர் இடர்ப்படுவதை அவர்தம் கணிதக் குறைபாடாக மட்டும் கருதுதல் பொருந்தாது.

கனிசாரோவின் அணுகுமுறை இங்கு வழிகாட்டுகிறது. அவர் மாணவரிடம் அணு எடைப் பட்டியலை முதலில் கொடுக்கவில்லை. அடர்த்தியையும் விழுக்காட்டையும் காட்டி, கார்பன் ஏன் 12 என்பதை அவர்களே காணும் வகையில் பாடத்தை ஒழுங்குபடுத்தினார். மேல்நிலை வகுப்பில் மோல் கருத்துக்கு முன்னதாக மேற்காட்டிய நான்கு கார்பன் சேர்மங்களின் கணக்கை ஒரு பாடவேளையில் நடத்துதலும், ஒவ்வொரு மாற்றுக் காரணிக்கும் அது உடன்பாடா, முடிவா, வினைசார்ந்ததா எனக் குறிக்கச் செய்தலும் நடைமுறைக்கு உகந்தவை. நார்மலிட்டியைக் கற்பிக்கும் இடங்களில் வினையின் சமன்பாட்டை முதலில் எழுதச் செய்தல் இன்றியமையாதது.